பல் இடைவெளியை அடைக்கும் முன், அது ஏன் வந்தது? வாசகர் கேள்விகளுக்குப் பல் மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முன்பல் சந்து பற்றியவை. எட்டு வயதுப் பையனின் அம்மாவிலிருந்து ஐம்பதை நெருங்குபவர் வரை எழுதியிருக்கிறார்கள். கிட்டத்தட்ட எல்லோருமே "எப்படி அடைப்பது" என்றுதான் கேட்கிறார்கள், "ஏன் வந்தது" என்று கேட்டவர்கள் குறைவு. வெளியிலிருந்து பார்க்க எல்லாச் சந்தும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் ஒருவருக்குச் சும்மா விட்டால் போதும், இன்னொருவருக்கு உடனே ஈறு வைத்தியம் வேண்டும். அதனால் ஒவ்வொரு பதிலிலும் முதலில் காரணத்தைச் சொல்லிவிட்டு அப்புறம்தான் சிகிச்சைக்குப் போகிறேன்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. பால்பல் விழுந்து முளைத்த மேல் முன்பற்கள் இரண்டும் விசிறி மாதிரி விரிந்து, நடுவில் இடைவெளியோடு நிற்கின்றன. பார்ப்பவர்கள் எல்லாம் இப்போதே கிளிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

அவசரப்பட வேண்டாம் அம்மா. சுமார் 7 வயதிலிருந்து 12 வயது வரை பல குழந்தைகளின் முன்பற்கள் இப்படித்தான் இருக்கும். உங்கள் மகனின் மேல் கோரைப்பற்கள் இன்னும் எலும்புக்குள்ளேதான் இருக்கின்றன. அவை கீழே இறங்கி வரும் வழியில் பக்கத்துப் பற்களின் வேர்களை ஒட்டி அழுத்துகின்றன. வேர் நடுப்பக்கமாகச் சாயும்போது வெளியே தெரியும் பல் எதிர்ப்பக்கமாக விரிகிறது. 11, 12 வயதில் கோரைப்பல் முளைத்து வெளியே வரும்போது அதே அழுத்தம் பல்லின் வெளியே தெரியும் பகுதிக்கு மாறி, பற்களை ஒன்றோடொன்று சேர்த்துவிடுகிறது. 2 மி.மீ. வரையுள்ள இடைவெளி பெரும்பாலும் இப்படித் தானாகவே மூடிக்கொள்ளும்.

இந்தச் சமயத்தில் அவசரப்பட்டுக் கம்பி கட்டி முன்பற்களை இழுத்தால் வேறு சிக்கல் வரலாம். பக்கத்துப் பல்லின் வேர் போய்க் கோரைப்பல் வரும் பாதையில் நிற்கும், வேர் கரையவும் கூடும். அதனால்தான் காத்திருக்கச் சொல்கிறோம், அலட்சியத்தால் இல்லை.

ஆனால் காத்திருப்பதற்கு முன் ஒருமுறை காட்டிவிடுங்கள். இடைவெளி 2 மி.மீ.க்கு மேல் இருந்தாலோ, ஒரு முன்பல் வந்து ஆறு மாதமாகியும் ஜோடிப் பல் வராமல் இருந்தாலோ, பல் திருகி முளைத்திருந்தாலோ ஒரு எக்ஸ்ரே அவசியம். சில குழந்தைகளுக்கு இரண்டு முன்பற்களுக்கு நடுவில், எலும்புக்குள், கூம்பு மாதிரி ஒரு உபரிப் பல் ஒளிந்திருக்கும். அது அங்கே இருக்கிறவரை எவ்வளவு காத்திருந்தாலும் இடைவெளி மூடாது, அதை எடுக்க வேண்டியிருக்கும். பையன் இன்னும் விரல் சூப்புகிறானா என்றும் பாருங்கள். நிரந்தரப் பல் வந்த பிறகும் அந்தப் பழக்கம் தொடர்ந்தால் மேல் பற்கள் முன்னால் தள்ளப்பட்டு இடைவெளி கூடும். திட்டாமல், பொறுமையாக நிறுத்தப் பாருங்கள்.

வீட்டில் இன்னும் சின்னக் குழந்தை இருந்தால் அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: பால்பற்களுக்கு நடுவே இடைவெளி இருப்பது நல்ல அறிகுறி. பின்னால் வரும் நிரந்தர முன்பற்கள் அகலமானவை, அவற்றுக்கு இடம் வேண்டுமே.

கேள்வி: எனக்கு 26 வயது. சிறுவயதிலிருந்தே முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே இடைவெளி. வலியோ தொந்தரவோ இல்லை, ஆனால் சிரிக்கும்போது கை தானாக வாய்க்குப் போய்விடுகிறது. ஒருவர் ஒரே நாளில் அடைக்கலாம் என்கிறார், ஒருவர் வெனீர் என்கிறார், இன்னொருவர் கிளிப் என்கிறார். யாரை நம்புவது?

மூன்று பேர் சொல்வதும் சரியான சிகிச்சைதான், யாருக்குச் சரி என்பதில்தான் வித்தியாசம். உங்கள் இடைவெளி எத்தனை மி.மீ., பல் எவ்வளவு அகலம் என்று அளந்து பார்க்காமல் யாரும் தீர்ப்புச் சொல்லக் கூடாது. சிறுவயதிலிருந்து மாறாமல் இருக்கும் இடைவெளி நோய் இல்லை. தாடை பெரிதாகவும் பல் சிறிதாகவும் அமைந்தாலே இடம் மிச்சமாகும், அது பரம்பரையாக வருவதும் உண்டு. உங்களுக்குப் பிடித்திருந்தால் அப்படியே விட்டுவிடலாம். ஆனால் சிரிக்கும்போது வாயை மூடத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவும் போதுமான காரணம்தான். "அழகுக்காகவா" என்று யாராவது கேட்டால் கூச்சப்படாதீர்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. மேல் நடுப்பல்லின் அகலம் அதன் உயரத்தில் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்கு இயல்பாகத் தெரியும். பல் 10 மி.மீ. உயரம், 7.5 மி.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 1 மி.மீ. என்றால் ஒவ்வொரு பல்லையும் அரை மி.மீ. அகலமாக்கினால் போதும், 8 மி.மீ. ஆகும், அழகாக இருக்கும். இடைவெளி 3 மி.மீ. என்றால் ஒவ்வொன்றும் 9 மி.மீ. ஆகி, இரண்டும் பலகை மாதிரி நிற்கும். அப்போது வெறுமனே அடைப்பது சரிவராது, கிளிப் அல்லது அலைனர் (கழற்றி மாட்டும் தெளிவான பிளாஸ்டிக் உறை) போட்டுப் பல்லை நகர்த்த வேண்டும், அல்லது கொஞ்சம் நகர்த்திவிட்டு மீதியை அடைக்க வேண்டும்.

ஒரே நாளில் அடைப்பது என்று உங்களிடம் சொன்னது காம்போசிட் எனும் பிசின் பூச்சாக இருக்கும். பெரும்பாலும் பல்லை ராவ வேண்டியதில்லை, மரத்துப்போகும் ஊசியும் வேண்டியிருக்காது. பல் எனாமலில் 37 சதவீத பாஸ்பாரிக் அமில ஜெல்லை 15 முதல் 30 விநாடி வைத்துக் கழுவுவார்கள், அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாகும். அதன்மேல் பசைத் திரவம், அதன்மேல் பல் நிறத்தில் உள்ள காம்போசிட்டை அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொரு அடுக்கையும் நீல வெளிச்சத்தால் இறுக வைத்து, கடைசியில் தேய்த்து மெருகேற்றுவார்கள். பொதுவாக 5 முதல் 7 வருடம் வரும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் தாங்கும். தேநீர், காபி, புகை எல்லாம் கறை ஏற்றும், ஓரம் உடையலாம். ஆனால் உடைந்த இடத்தை மட்டும் ஒட்டிக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் எடுத்தும் விடலாம். உங்கள் பல் உங்களிடமே இருக்கும், எனக்கு இதில் மிகவும் பிடித்தது அதுதான்.

வெனீர் என்பது பீங்கானில் செய்த மெல்லிய தகடு. நிறம் மங்காது, 10 முதல் 15 வருடம் வருவது சாதாரணம். ஆனால் அதற்கு இடம் பண்ணப் பொதுவாகப் பல்லின் முன்பக்கத்தை 0.3 முதல் 0.7 மி.மீ. வரை ராவ வேண்டியிருக்கும். ராவிய எனாமல் மறுபடி வளராது, ஆகவே ஒருமுறை போட்டால் ஆயுள் முழுக்க மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். பல் நிறம் மாறி, உடைந்து, வடிவமும் சரியில்லாமல் கூடவே இடைவெளியும் இருந்தால் வெனீர் அருமையான தீர்வு. நன்றாக இருக்கும் 26 வயதுப் பல்லில், நடுவில் ஒரு சந்துக்காக மட்டும் நான் அதை முதலில் கையில் எடுக்க மாட்டேன். கேப் போடலாம் என்று யாராவது சொன்னால் கட்டாயம் இன்னொரு மருத்துவரையும் கேளுங்கள், அதற்குப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும்.

இன்னொன்று. முடிவு எடுக்கும் முன் "மாதிரி வைத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அமிலமும் பசையும் போடாமல் காம்போசிட்டை மட்டும் சந்தில் வைத்துக் கண்ணாடியில் காட்டலாம், பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். இடைவெளி இல்லாத தன் முகத்தைப் பார்த்துவிட்டு "வேண்டாம், எனக்குப் பழையதே நன்றாக இருக்கிறது" என்று சந்தோஷமாக எழுந்து போனவர்களும் உண்டு.

கேள்வி: எனக்கு 47 வயது. முன்பெல்லாம் பல் வரிசை நெருக்கமாக இருக்கும். இரண்டு வருடமாக மேல் முன்பற்கள் விலகி விலகி இப்போது தீக்குச்சி போகிற அளவுக்குச் சந்து. வலி கிடையாது. காம்போசிட் வைத்து அடைத்துக்கொள்ளலாமா?

தயவுசெய்து இப்போது அடைக்காதீர்கள். வந்த கடிதங்களில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது உங்கள் கடிதம்தான்.

வளர்ந்த பிறகு புதிதாக வரும் இடைவெளிக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஈறு நோயை. பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு வலியே இல்லாமல் கரைந்துகொண்டு போகும். பிடிமானம் குறைந்த பல்லை நாக்கும், உதடும், கடிக்கும் அழுத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ள, அது முன்னால் விரிந்து, கீழே இறங்கி, நீளமானது போலத் தெரியும். பல் தேய்க்கும்போது ரத்தம் வருகிறதா, வாய் நாறுகிறதா, பல் லேசாக ஆடுகிறதா என்று கவனியுங்கள். ரத்தம் வரவில்லை என்பதை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். புகைப்பிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தக் கசிவு குறைவாகத்தான் தெரியும், உள்ளே நோய் முற்றிக்கொண்டே இருக்கும்.

பல் மருத்துவரிடம் போனால் அளவு போட்ட மெல்லிய கருவியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு ஆழம் பார்ப்பார். 1 முதல் 3 மி.மீ. வரை சரி, அதற்கு மேல் போனால் ஈறு பல்லை விட்டு விலகி அங்கே பை உண்டாகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் எலும்பு எவ்வளவு மிச்சம் என்பது தெரியும். கூடவே ரத்தச் சர்க்கரையையும் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு நோய் வேகமெடுக்கும், ஈறு நோய் இருந்தால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டமாகும். கடைவாய்ப் பற்களை எடுத்துவிட்டு அப்படியே விட்டிருக்கிறீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். பின்னால் மெல்ல வழியில்லாமல் எல்லாப் பாரமும் முன்பற்களில் விழுந்தாலும் அவை விரியும்.

சிகிச்சை இந்த வரிசையில்தான் போக வேண்டும்: ஈறுக்கு மேலும் கீழும் உள்ள காரையை எடுப்பது, வேரைச் சுத்தம் செய்வது, ஆறு முதல் பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பது, பை இன்னும் ஆழமாக இருந்தால் ஈறைத் திறந்து சுத்தம் செய்வது. வீக்கம் வற்றியதும் சின்ன இடைவெளிகள் தாமாகவே கொஞ்சம் நெருங்கி வருவதுகூட உண்டு. ஈறு அமைதியான பிறகு மிக லேசான விசையில் பல்லை உள்ளே கொண்டுவந்து, பின்பக்கம் கம்பியால் இணைத்துக் கட்டலாம், மிச்சமிருக்கும் சந்தைக் காம்போசிட்டால் மூடலாம். இதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அடைத்தால் என்ன ஆகும்? அடைத்த பல்லும் சேர்ந்து நகரும், சந்து பக்கத்தில் திறக்கும், அதற்குள் எலும்பு இன்னும் போயிருக்கும். இந்த வாரமே போங்கள்.

கேள்வி: கல்லூரியில் படிக்கிறேன், 19 வயது. முன்பல் இடைவெளிக்குச் சின்ன ரப்பர் வளையத்தை இரண்டு பல்லையும் சுற்றிப் போட்டால் ஒரு வாரத்தில் மூடிவிடும் என்று வீடியோவில் பார்த்தேன். செலவே இல்லையே, செய்து பார்க்கட்டுமா?

வேண்டாம் தம்பி. ஏற்கெனவே போட்டிருந்தால் இந்த நிமிடமே எடுத்துவிடுங்கள்.

வெளியே தெரியும் இடத்தில் அகலமாக இருக்கும் பல் வேரை நோக்கிப் போகப் போகக் கூம்பு மாதிரி ஒடுங்கும். கூம்பின் மேல் போட்ட வளையம் ஒடுங்கிய பக்கமாகத்தானே வழுக்கும்? அது ஈறுக்குள் நுழைந்து வேரோடு ஏறிக்கொண்டே போகும், போகிற வழியில் பல்லைப் பிடித்திருக்கும் நாரையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே போகும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வளையம் எங்கேயோ விழுந்துவிட்டது போலத் தோன்றும். அந்த ரப்பர் எக்ஸ்ரேயிலும் பொதுவாகத் தெரியாது. நல்ல இரண்டு முன்பற்களை இப்படியே இழந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் பல பதிவுகள் இருக்கின்றன. சந்து மூடிவிட்டதாக அவர்கள் முதல் சில நாட்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்பதை நினைத்தால்தான் மனது கேட்க மாட்டேன் என்கிறது.

போட்ட வளையம் காணாமல் போய், ஈறு வீங்கியோ பல் ஆடியோ இருந்தால், கூச்சப்படாமல் மருத்துவரிடம் "ரப்பர் போட்டேன்" என்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சாதாரண ஈறு நோய் என்று நினைத்து வைத்தியம் போய்க்கொண்டிருக்கும். வாயை யாரும் நேரில் பார்க்காமல், எக்ஸ்ரே எடுக்காமல் வீட்டுக்கே அனுப்பும் அலைனர்களிலும் எனக்கு உடன்பாடு இல்லை. செலவுதான் பிரச்சினை என்றால் பல் மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்கள் மேற்பார்வையோடு செய்யும் சிகிச்சை பொதுவாகக் குறைந்த செலவில் முடியும்.

கேள்வி: பல் கிளீன் செய்தேன். முன்பு இல்லாத சந்து இப்போது கீழ்ப் பற்களில் தெரிகிறது. கிளீனிங்தானே காரணம்?

இல்லை. ஆனால் உங்களுக்கு ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது புரிகிறது. பற்களுக்கு நடுவே காரை படிந்து கல்லாக இறுகும்போது ஈறும் எலும்பும் பின்வாங்கும், அந்தக் காலி இடத்தைக் காரையே அடைத்துக்கொண்டிருக்கும். காரையை எடுத்ததும் அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. வீங்கியிருந்த ஈறு வற்றிச் சுருங்குவதாலும் இன்னும் கொஞ்சம் தெரியும். பல் நகர்ந்ததால் வந்த சந்து இது இல்லை.

ஈறு இறங்கியதால் பல்லுக்கு நடுவே தெரிவது பெரும்பாலும் கருப்பாக ஒரு முக்கோணமாக இருக்கும். இதைப் பற்றி 1992-ல் வந்த ஓர் ஆய்வை நாங்கள் இன்றும் சொல்கிறோம்: இரண்டு பற்கள் ஒட்டும் இடத்திலிருந்து எலும்பு வரை 5 மி.மீ. அல்லது அதற்குள் இருந்தால் அநேகமாக எப்போதும் ஈறு அந்த இடத்தை நிரப்பியிருக்கும், 7 மி.மீ. என்றால் நான்கில் ஒரு பங்கு இடங்களுக்குக் கொஞ்சம் மேல்தான் அப்படி நிரம்பியிருக்கும். போன எலும்பை மீட்பது கடினம், ஆனால் காம்போசிட் வைத்துப் பற்கள் ஒட்டும் இடத்தை ஈறை நோக்கி நீட்டினால் முக்கோணம் சின்னதாகும். அதற்கும் ஈறு ஆரோக்கியமாக இருக்க வேண்டும். அதனால் கிளீனிங்கை நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: ஒன்றரை வருடம் கிளிப் போட்டு மூடிய இடைவெளி, கழற்றி எட்டு மாதத்தில் பாதி திறந்துவிட்டது. சிகிச்சை தவறா?

தவறு என்று உடனே சொல்லிவிட முடியாது. நடுப்பல் சந்து மறுபடி திறந்துகொள்வதில் பேர்போனது. கழற்றிய பிறகு, பல் திரும்ப நகராமல் பிடித்து வைக்கத் தரும் ரிடெய்னரை எத்தனை நாள் போட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, முதல் சந்தேகம் அதில்தான். நடுப்பல் இடைவெளியை மூடியவர்களுக்குப் பற்களின் பின்பக்கம் மெல்லிய கம்பியை நிரந்தரமாக ஒட்டிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

அடுத்தது மேலுதட்டையும் ஈறையும் இணைக்கும் சதை நார். உதட்டை மேலே தூக்கி இழுத்துப் பாருங்கள். முன்பற்களுக்கு நடுவே உள்ள ஈறு வெளுத்துப் போனால் நார் கீழே வரை இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சின்ன அறுவையால் அகற்றலாம். பொதுவாகப் பல்லைச் சேர்த்த பிறகுதான் வெட்டுவோம். முன்னாலேயே வெட்டினால் அங்கே உண்டாகும் தழும்பே பல் சேர்வதைத் தடுக்கலாம். மூன்றாவது நாக்கு: எச்சில் விழுங்கும்போது நாக்கு பல்லைத் தள்ளுகிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்படியானால் அதற்குப் பயிற்சி வேண்டும். திறந்திருப்பது பாதிதான் என்பதால் இப்போதே போனால் இரண்டாவது தடவை சீக்கிரம் முடிய வாய்ப்பு உண்டு.

கேள்வி: நடுப்பல்லுக்குப் பக்கத்துப் பல் ஒரு பக்கம் ஆணி மாதிரி சின்னதாக இருக்கிறது, மறுபக்கம் அந்தப் பல்லே இல்லை. எனக்கு 16 வயது. என்ன செய்யலாம்?

இரண்டும் பிறவியிலேயே அமைவது, ஒரே வாயில் இப்படி ஒரு பக்கம் சின்னதும் மறுபக்கம் இல்லாமலும் இருப்பது நாங்கள் அடிக்கடி பார்ப்பதுதான். சின்னப் பல்லைக் காம்போசிட்டால் சரியான அளவுக்கு வளர்த்துவிடலாம். இல்லாத பக்கத்துக்கு இரண்டு வழி. கோரைப்பல்லை அந்த இடத்துக்கு நகர்த்தி வடிவம் மாற்றுவது ஒன்று, இடத்தைத் திறந்து வைத்துச் செயற்கைப் பல் வைப்பது மற்றொன்று. ஆனால் இம்பிளான்ட் (எலும்புக்குள் திருகி வைக்கும் செயற்கை வேர்) இப்போது வேண்டாம். தாடை வளரும்போது மற்ற பற்கள் கூடவே இறங்கும், இம்பிளான்ட் நின்ற இடத்திலேயே நிற்கும், சில வருடத்தில் அது மட்டும் குட்டையாகத் தெரியும். வளர்ச்சி முடியும் வரை பக்கத்துப் பல்லின் பின்பக்கம் ஒட்டும் பிரிட்ஜ், அதாவது செயற்கைப் பல், போதும். எந்த வழி என்பதை கிளிப் போடும் நிபுணரும் பல் கட்டும் நிபுணரும் சேர்ந்து பேசி முடிவெடுக்கட்டும்.

கேள்வி: அடுத்த மாதம் இடைவெளியைக் காம்போசிட்டால் அடைக்கப் போகிறேன். பல்லை வெள்ளையாக்கவும் ஆசை. எதை முதலில் செய்வது? பிறகு எப்படிப் பார்த்துக்கொள்வது?

வெள்ளையாக்குவதுதான் முதலில். காம்போசிட் வெளுக்காது, பின்னால் செய்தால் பல் ஒரு நிறம், அடைத்தது ஒரு நிறம் என்று ஆகிவிடும். வெளுத்த பிறகு இரண்டு வாரம் இடைவெளி விடுங்கள். வெளுக்கும் மருந்திலிருந்து பல்லுக்குள் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் பசையின் பிடிப்பைக் குறைக்கும், அதற்குள் நிறமும் ஒரு நிலைக்கு வந்துவிடும். பிறகு நகம் கடிப்பது, பல்லால் மூடி திறப்பது, பேனாவைக் கடிப்பது எல்லாம் நிற்க வேண்டும். இரவில் பல் நறநறக்கும் பழக்கம் இருந்தால் அடைக்கும் முன்பே சொல்லுங்கள், தூங்கும்போது போட ஒரு காப்புத் தகடு தருவார்கள். இத்தனை நாள் சந்து இருந்ததால் நடுவில் நூல் விட்டுச் சுத்தம் செய்யும் பழக்கம் இருந்திருக்காது, இனி தினமும் செய்ய வேண்டும். அடைத்து முடித்த அன்றே நாற்காலியிலிருந்து எழும் முன் பல் நூலை அங்கே விட்டு இழுத்துப் பாருங்கள், மாட்டினாலோ நூல் பிரிந்தாலோ ஓரம் சொரசொரப்பாக இருக்கிறது என்று அர்த்தம், அப்போதே மெருகேற்றித் தரச் சொல்லுங்கள்.